நாற்பது வயது அம்பாசிடர் எஃப்.சி. தேறுமா?

"இந்தப் பழைய வண்டி எஃப்.சி. தேறுமா?" என்று எங்களிடம் கேட்காத ஆளில்லை. எங்கள் குடியிருப்பில் ஒன்பது குடும்பங்கள் பணம் போட்டு வைத்திருக்கும் அம்பாசிடர் அது. 1986 மாடல், பெட்ரோல் வண்டி. 2004-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது அதுதான். காலையில் பஸ் வராத ஊருக்குத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதும் அதுதான். வாடகை வாங்குவதில்லை. அந்த வண்டி தேறாமல் போனால் எங்களுக்குப் போவது பழம்பெருமை அல்ல, அவசரத்துக்குக் கிடைக்கும் ஒரே வாகனம்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். டாக்சிக்கு விதி வேறு: எட்டு வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று. மக்கள் பேச்சில் இரண்டுமே எஃப்.சி.தான்.

எங்கள் வண்டியை 2006, 2011, 2016, 2021 என்று நான்கு முறை காட்டியிருக்கிறோம். மூன்று முறை முதல் நாளே தேறியது. 2011-இல் மட்டும் திருப்பி அனுப்பினார்கள். வயதுதான் காரணம் என்றால் 2016-இலும் 2021-இலும் இன்னும் மோசமாகத் தவறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே. 2011-இல் என்ன நடந்தது? எங்கள் மெக்கானிக் அண்ணன் காலை உடைத்துக்கொண்டு எட்டு மாதம் படுத்திருந்தார். வண்டியும் எட்டு மாதம் நின்றது.

நின்ற வண்டிதான் தவறும். அந்த அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஓடாமல் நின்றால் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் இறுகிவிடும், பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஹேண்ட் பிரேக் கேபிளும் அப்படித்தான் துருப்பிடித்து நிற்கும். கூடவே ஒரு ஹெட்லைட் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்து ஒன்பதாம் நாள் மறுபடி காட்டினோம், தேறியது.

மற்ற மூன்று முறையும் அண்ணன் இரண்டு மாதம் முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிட்டார். டிரம்மைக் கழற்றிக் கடைசல் பிடித்து லைனர் மாற்றுவார். ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் தட்டுகிறதா என்று பார்ப்பார். அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டித் துருவைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பின் பல சாமான்களுக்குப் புதுப்பேட்டைதான் கதி. பிரித்துப் போட்ட வண்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருகிறோம்.

ஆக, பழைய வண்டி தேறுமா என்பதற்கு எங்கள் பதில்: உழைப்பு இருந்தால் தேறும். ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் அந்த உழைப்பைப் பார்ப்பதில்லை.

மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபரில். 2023 அக்டோபரோடு அந்த மாடல் டாக்சிகளின் காலம் முடிந்தது. பிரேக் பிடித்ததா, புகை அளவுக்குள் இருந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இன்னொரு பக்கம், 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகள். 50 வயது கடந்து, அசல் வடிவம் கெடாத காருக்கும் பைக்குக்கும் 'விஏ' வரிசையில் தனி எண் கிடைக்கும், பதிவு பத்தாண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் சாலைக்கு வரலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது.

கட்டணத்தைப் பாருங்கள். 2021-இல் நாங்கள் கட்டிய புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு அடுத்த முறை 2026 டிசம்பரில் வருகிறது. ஐந்தாண்டுக்கு 10,000 என்றால் ஆண்டுக்கு 2,000. விண்டேஜ் காருக்கு முதல் பதிவு 20,000, அதுவும் ஆண்டுக்கு 2,000தான். ஆனால் அடுத்த பத்தாண்டுக்குப் புதுப்பிக்க அவர்கள் கட்டுவது 5,000, அதாவது ஆண்டுக்கு 500. உழைக்கிற கிழவண்டிக்கு அபராதம், ஷெட்டில் நிற்கிற கிழவண்டிக்குச் சலுகை.

பிரிட்டனில் இந்தக் கதை வேறு மாதிரி. அங்கே 1960-இல் கட்டாயச் சோதனையைத் தொடங்கியதே பழைய வண்டிகளுக்காகத்தான். பத்து வயது கடந்தவற்றின் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் மூன்றையும் பார்த்தார்கள். 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யாத 40 வயது கார்களுக்கு அந்த ஆண்டுச் சோதனையே கட்டாயமில்லை. அவை குறைவாக ஓடுகின்றன, உரிமையாளர்கள் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் உரிமையாளர் தலையில் இருக்கிறது. எங்களுக்கு அந்த விலக்கு வேண்டாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதுதான் நாங்கள் கேட்பது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டோம். எங்கள் காலத்துப் பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. பாரத் ஸ்டேஜ் 4 காருக்கு 0.3 சதவீதம்தான். பத்து மடங்கு வித்தியாசம். சாலையோரத்தில் குடியிருக்கும் நாமே அந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம். அப்படியானால் புகையை அளந்து கட்டணம் போடட்டும், எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று பார்க்கட்டும். ஆர்.சி. புக்கில் இருக்கும் பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்வது சோதனை ஆகாது. பிறப்பைப் பார்த்துத் தகுதி சொல்லும் பழக்கம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இதைப் படிக்கும் மாணவர்கள் இரண்டு பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவையோ புதுப்பித்தலையோ மறுத்தால், காரணத்தோடு மறுப்பு உத்தரவின் நகலைத் தர வேண்டும் என்கிறது பிரிவு 45. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது பிரிவு 57. உங்கள் தெருவில் ஆட்டோ, வேன் வைத்துப் பிழைக்கும் அண்ணன்களிடம் இதைச் சொல்லுங்கள். "தேறாது, போ" என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வந்து, புரோக்கரிடம் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அவர்கள்தான். காரணம் எழுத்தில் இருந்தால் பட்டறைக்குப் போய்ச் சரிசெய்யலாம், காரணம் பொய்யென்றால் எதிர்த்து வாதாடலாம்.

எங்கள் வண்டிக்கு வீடு வீடாக மாதம் 100 ரூபாய் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். கட்டணத்துக்கு 10,000, மீதி லைனருக்கும் டயருக்கும். அண்ணனுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். அதனால் இந்த முறை இரண்டு பாலிடெக்னிக் பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிரம் கழற்றக் கற்றுக்கொள்கிறார்கள்.