கூண்டின் அடித்தட்டு

ஹூஸ்டன்,
ஜனவரி 18

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய எச்சப் போட்டோவை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் திறந்தேன். கிளினிக்கில் தினமும் இதே பிழைப்பு என்பதால் சாதம் வழக்கம்போல இறங்கியது. போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் எழுதுகிறேன். நிலாவுக்கும் படித்துக் காட்டு. பச்சோந்தி அவளுடையது, நீ வெறும் பூச்சி சப்ளையர்.

அப்பாவும் மகளுமாக அதன் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது குளிருக்கும் கறுக்கும், கோபத்துக்கும் கறுக்கும், கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலும் கறுக்கும். உடம்புக்கு முடியவில்லை என்பதை மட்டும் கடைசிவரை மறைக்கும். காட்டில் தளர்ந்து தெரிந்தால் பறவைக்கோ பாம்புக்கோ இரையாகிவிடும், அந்தப் பயம் கூண்டுக்குள் வந்தும் போகவில்லை. கண் குழிவிழுந்து, பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்காரும் நிலையில்தான் பலர் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்கு வெகு நாள் முன்பே அடித்தட்டில் சேதி விழுந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் வீட்டுச் சுவரோரம் பல்லி எச்சம் கிடக்குமே, கறுப்பாக ஒரு துண்டு, நுனியில் வெள்ளைப் பொட்டு. இதுவும் அதே கணக்குதான், அளவுதான் பெரிது. பழுப்பாக இருப்பது மலம். வெள்ளை, அதன் சிறுநீர். நம் உடம்பு கழிவை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியே தள்ளுகிறது. இவை யூரிக் அமிலமாக்கி, கூழாக வெளியேற்றித் தண்ணீரை மிச்சம் பிடிக்கின்றன. கூடவே கொஞ்சம் தெளிந்த நீர் வந்தால் சந்தோஷப்படு.

அந்த வெள்ளை, பளிச்சென்று ஈரமாக இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் இளம் மஞ்சள் ஏறியிருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. முழுக்க ஆரஞ்சாகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். உன் போட்டோவில் இருப்பது அதுதான். இப்படியே நாள்பட்டால் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து கவுட் வரும். வெள்ளைப் பகுதி தொடர்ந்து பச்சை அடித்தால் அது வேறு விவகாரம். ஈரலில் கோளாறு இருக்கலாம், அன்றே டாக்டரைப் பார்.

டொராண்டோவில் இந்த மாதம் ஹீட்டர் ஓயாமல் ஓடும், வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். நீயோ கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, "குடிக்கவே மாட்டேன் என்கிறது" என்கிறாய். தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீராகவே மதிப்பதில்லை. உங்களுடையது வெய்ல்டு வகை. யேமனும் சவூதியின் தென்மேற்கு மூலையும் அதன் பூர்வீகம். இலையில் மின்னும் துளியைத்தான் நக்கும். காலையில் விளக்கு போடுவதற்கு முன்னும், இரவு விளக்கு அணைந்த பிறகும் சில நிமிடங்கள் தண்ணீர் தெளி. பகலில் ஒரு பாட்டிலிலிருந்து இலைமேல் சொட்டவிடு. இடையில் கூண்டு நன்றாகக் காயட்டும். நாள் முழுக்க நசநசவென்று இருந்தால் நுரையீரலில் தொற்று வரும்.

இனி பழுப்புப் பகுதி. உருண்டு, வடிவம் கலையாமல் விழ வேண்டும். ஒருமுறை இளகிப் போனால் கவலை வேண்டாம். ஹார்ன்வார்ம் புழு அதிகம் கொடுத்தாலே அப்படித்தான், அதில் பெரும்பகுதி தண்ணீர். அடுத்தடுத்து இளகலாகப் போய், அறைக்குள் நுழையும்போதே மூக்கைப் பிடிக்கவைத்தால், அல்லது சளியோ ரத்தமோ தெரிந்தால் ஒட்டுண்ணியாக இருக்கலாம். பூச்சியின் ஓடும் கால் துண்டும் தெரிவது சகஜம். இலைத் துணுக்கும் அப்படியே, இந்த வகை செடியையும் கடிக்கும். ஆனால் விழுங்கிய கிரிக்கெட் பூச்சி முழுசாக அடையாளம் தெரிந்தால் செரிமானம் நடக்கவில்லை. பெரும்பாலும் சூடு போதாததுதான் காரணம். விளக்கின் கீழே அது உட்காரும் கிளையில், முதுகு இருக்கும் உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார். 28, 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் மீட்டர் காட்டுவதை நம்பாதே.

மெழுகு மாதிரி வெள்ளையாக, நூல்போல ஒன்று தனியாக விழுந்தால் புழு என்று அலறாதே. ஆண் பச்சோந்திகளிடமிருந்து வரும் விந்துக் கட்டி அது. டப்பாவில் போட்டு, கண் கலங்கி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

சந்தேகம் இருந்தால் அன்றைய எச்சத்தை, காய்வதற்குள், மூடியுள்ள சின்ன டப்பாவில் எடு. உடனே கொண்டுபோக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வை, ஃபிரீசரில் வேண்டாம். இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து வித்யாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. ஒரு பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. ஒட்டுண்ணியின் முட்டை தினமும் வெளியே வராது. காக்சிடியா என்று ஒன்று இருக்கிறது, அதை ஒழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாப்பிடாமல் விட்ட கிரிக்கெட், கீழே கிடக்கும் எச்சத்தைத் தின்னும். பச்சோந்தி அந்தக் கிரிக்கெட்டைத் தின்னும். மருந்து ஒரு பக்கம், தொற்று மறுபக்கம். அதனால் ராத்திரி மிச்சப் பூச்சியைப் பிடித்து வெளியே எடு. அடியில் மண்ணைக் கொட்டாமல் பேப்பர் டவல் விரி. விழுந்தது பளிச்சென்று தெரியும், சுருட்டி எறியவும் சுலபம்.

இணையத்தில் வயிற்றுப்பூச்சி மருந்து வாங்கி நீயே ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம்டா. அளவு எடையைப் பொறுத்தது. ஏற்கெனவே வறண்டு கிடக்கும் உடம்பில் மருந்து இறங்கினால் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். எச்சத்தைப் பார்த்து எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று நீ முடிவு செய்யலாம். என்ன நோய் என்பதை மைக்ராஸ்கோப் சொல்லட்டும்.

சால்மொனெல்லா இருக்கும் என்பதால், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே. நிலா ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சின்னவனுக்கு ஐந்து வயது முடியும்வரை அதைத் தொடவே விடாதே.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், உங்களுடையது ஆணா, பெண்ணா? குட்டி தினமும் போகும், வளர்ந்தது சில நாளுக்கு ஒருமுறைதான் போகும். ஆனால் பெண்ணாக இருந்து, எச்சமும் இல்லாமல், தீனியும் எடுக்காமல், கீழே இறங்கி மூலைமூலையாகப் பறண்டினால் வயிற்றில் முட்டை இருக்கிறது. ஆண் துணையே இல்லாமல் முப்பது, நாற்பது முட்டை வைக்கக்கூடியது. ஓர் அடி ஆழத்துக்கு ஈரமணல் கொட்டிய தொட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் மாதிரி புடைப்பு இருந்தால் ஆண், குட்டியிலிருந்தே தெரியும். நிலாவை டார்ச் அடித்துப் பார்த்து இன்று ராத்திரியே எனக்குச் சொல்லச் சொல்.

அன்புடன்,
அக்கா