காற்று துடைக்காத தடம்

முதல் வேலை, டயரில் காற்றை இறக்குவது. சாலையில் 30 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் சக்கரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தால்தான் அது அகலமாகப் படிந்து, மணலில் புதையாமல் ஏறும். நமீபியாவின் லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து வடக்கே வால்விஸ் பே வரை நமீப் பாலையின் மணற்குன்றுகள் வழியே ஜீப் ஓட்டிப் போகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி. நடுவில் ஊர் கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது. தனியாகப் போக அனுமதியும் கிடையாது. உரிமம் பெற்ற வழிகாட்டியின் பின்னால், வண்டிக்கு வண்டி வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு, நாள்கணக்கில் போக வேண்டும். குப்பையையும் கையோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

நெய்தலும் பாலையும் நடுவே ஒரு வேலிகூட இல்லாமல் ஒட்டிக் கிடக்கும் இடம் இது. தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் மழையைத் தடுத்துவிட்டு, பதிலுக்கு மூடுபனியைக் கொடுக்கிறது. கப்பல்களுக்கு எமன் அந்தப் பனிதான். 1909-ல் கன்செப்ஷன் பே அருகே தரைதட்டிய எடுவார்ட் போலன் என்ற ஜெர்மன் கப்பல் இப்போது அலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, மணலுக்குள் நிற்கிறது. மணல் சேர்ந்து சேர்ந்து கரையே கடலுக்குள் நகர்ந்துவிட்டது. அதற்கு வடக்கே 'நீண்ட சுவர்' என்று ஜெர்மன் மொழியில் பெயர் பெற்ற இடத்தில் குன்றுகள் நேரே கடலில் இறங்குகின்றன. கடல் வற்றும் நேரம் பார்த்துக் கடந்தால் உண்டு. தவறினால் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் மணல்.

இன்னும் வெகு வடக்கே, எலும்புக்கூட்டுக் கரை எனப்படும் பகுதியில், 1942 நவம்பரில் டனீடின் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் கப்பல் 106 பேருடன் தரைதட்டியது. மீட்க விண்ட்ஹூக்கிலிருந்து கிளம்பிய லாரிகள் மணலில் திரும்பத் திரும்பப் புதைந்தன. உதவிக்கு வந்த விமானம் ஒன்றும் மணலில் சிக்கியது. இழுவைக் கப்பல் ஒன்று உடைந்து அதன் ஊழியர் இருவர் இறந்தார்கள். டனீடின் ஸ்டாரில் வந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அன்று உயிருக்காகப் பட்ட பாட்டை இன்று பணம் கட்டிப் படுகிறார்கள்!

குன்றின் மேல் விழும் தடத்தைக் காற்றே துடைத்துவிடும். வினை, கரையோரச் சரளைவெளியில்தான். அங்கே மூடுபனியைக் குடித்தே வாழும் லைக்கன்கள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கின்றன. பார்ப்பதற்குக் காய்ந்த சருகு போல இருக்கும். ஆனால் உயிருள்ளவை, மிக மெதுவாக வளர்பவை. சக்கரம் ஒருமுறை ஏறினால் பல பத்தாண்டுகளுக்கு வடு மறையாது. டமாரா ஆலா என்ற சிறு கடற்பறவையும் இந்த வெறுந்தரையில்தான் ஒற்றை முட்டை இடுகிறது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது இன்னொரு கூழாங்கல். முன்னே போன தடத்தை விட்டு விலகாதே என்று வழிகாட்டிகள் சொல்வது இதற்காகத்தான். கேட்காதவர்களின் கையெழுத்து ஸ்வாகோப்முண்டைச் சுற்றியுள்ள வெளிகளில் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் கிடக்கிறது.