ஜீப்புக்கு முதல்ல என்ன மாட்டலாம்?

1/ புது ஜீப்பா? தேரி மணல்ல ஓட்ட ஆசையா? முதல்ல முன்னாடி புல்பார் மாட்டாதீங்க.

2/ மோதும்போது வண்டியோட முன்பக்கம் நசுங்கணும். அது அடியை வாங்கினாத்தான் உங்க நெஞ்சுக்கு வர்றது குறையும். புல்பார் அடியை நேரா சேஸிஸுக்குக் கடத்தும். ஏர்பேக்கும் நேரத்துக்கு விரியாம போகலாம். குறுக்கே வர்றவருக்கு இடுப்பு, தொடை எலும்பு போகும். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு இதுக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லிடுச்சு.

3/ அந்தக் காசுல டயர் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரசர், இழுவைப் பட்டை, மண்வெட்டி வாங்குங்க. மணல்ல காத்தை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கினா டயர் பரந்து, புதையாம போகும். ரோடு ஏறுறதுக்கு முன்னாடி மறுபடி நிரப்பிடுங்க. இல்லேன்னா சூடாகி வெடிக்கலாம். காப்புக்காட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்.

4/ தூத்துக்குடி உப்புக்காத்துக்கு அடிப்பாகத்துல துருத்தடுப்புப் பூச்சு அடிங்க. கடற்கரை போய் வந்தா நல்ல தண்ணியில கழுவுங்க.

5/ சீட் பெல்ட் போடுங்க. அது ஏற்கனவே வண்டியிலயே இருக்கு.