இரட்டைப் பதிவு

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். பழைய பெட்ஷீட் போர்த்தி, ஸ்டோர் ரூம் மூலையில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். என்னுடையது 2002-ல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்டே 2014-ல் எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. நான் கழுவவில்லை. காரணம், அதில் அம்மா இருக்கிறாள்.

2004-ல் ஒருநாள் மைக் முன்னால் உட்காரவைத்து, வத்தக்குழம்பு வைக்கிற பக்குவத்தைச் சொல்லச் சொன்னேன். 14 நிமிஷம் பேசினாள். இன்று அவள் இல்லை. குரல் அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

போன மாதம் ஆன் செய்தால் உள்ளே 'கடக்... கடக்' என்று சத்தம். ஹார்ட் டிஸ்க்குக்கு மேல்மூச்சு வாங்குகிறது! பதறிப்போய் அணைத்தேன். 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்து செருகினேன். விளக்கு எரிந்து, அணைந்தது.

"பின்னாடி செருகுங்க அங்கிள். முன்னாடி இருக்கறதுல கரன்ட் பத்தாது" என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

செருகினேன். திரையில் ஒரு கேள்வி: 'டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை. செய்யட்டுமா?'

கை நடுங்கிவிட்டது. எதை அழிக்கப் போகிறது? நல்லவேளை, கேட்டது புதுசைப் பற்றித்தான். அது எக்ஸ்ஃபேட் முறையில் வந்திருந்தது. என் எக்ஸ்பிக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பையன் தன் லேப்டாப்பில் அதை என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றிக் கொடுத்தான். காலி டிஸ்க் என்பதால் நஷ்டமில்லை.

"எல்லாத்தையும் சேர்த்து எடுக்காதீங்க. முக்கியமானது முதல்ல. கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க."

அம்மா 150 எம்பி. அந்தக் காலத்து யுஎஸ்பி 1.1-ல் நொடிக்கு ஒரு எம்பி வந்தால் அதிகம். பச்சைக் கோடு நகர நகர, 'கடக்' சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டரை நிமிஷம். வந்துவிட்டாள்.

மறுநாள் பழைய கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை.

நான் பி.காம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு, எதையும் இரண்டு இடத்தில் எழுது என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். ரூபாய்க்குச் செய்தேன். அம்மாவுக்கு மட்டும் இருபது வருஷமாக ஒரே பதிவு! இப்போதும் புது டிஸ்க்கில் இருப்பது ஒன்றே ஒன்றுதானே?

அன்று மாலையே தங்கைக்கு ஒரு காப்பி அனுப்பினேன். ராத்திரி போன் செய்தாள். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் கேட்டாள்:

"ஏண்ணா, அம்மா உப்பு எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?"