பஞ்சுவின் பதினெட்டு நகங்கள்

தலைநகரின் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்க்கு ஒரு வழக்கம் நன்கு தெரியும். மாற்றல் உத்தரவு வந்த குடும்பம், தன்னுடன் கொண்டு செல்ல இயலாதவற்றை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் புறப்படும். துளசித் தொட்டி, பழைய கூலர், கனத்த ரஜாய் என்று எங்கள் வீட்டிற்கும் அவ்வாறு வந்து சேர்ந்தவை பல. 2022-ஆம் ஆண்டு கோடையின் முடிவில் எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் எங்களிடம் விட்டுச் சென்றதோ ஒரு முயல்! வெள்ளையும் கறுப்புமாய் இருந்த அந்தச் சிறு பிராணிக்கு, மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ‘பஞ்சு’ என்று பெயரிட்டாள்.

அது வந்த இரண்டு மாதங்களுக்கெல்லாம் ஒரு புதுமையைக் கவனித்தோம். பஞ்சு கூடத்தில் நடந்தால் மொசைக் தரையில் ‘டிக், டிக்’ என்று கடிகாரம் போல் ஓசை எழுந்தது. குனிந்து பார்த்தால், நகங்கள் கால் மயிரையும் தாண்டி வளைந்து நீண்டிருந்தன. ஒருநாள் ஒரு நகம் ஜமக்காளத்தின் நூலில் சிக்கிக்கொள்ள, அது இழுத்த இழுப்பில் விரலே பிய்ந்துவிடுமோ என்று அஞ்சினோம். நகத்தை வெட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எங்கள் வீட்டுப் பெரியவர், அதாவது மகளின் தாத்தா, இதற்கு இசையவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல் காடுகளில் முயல் பார்த்து வளர்ந்தவர் அவர். “எங்கள் ஊரில் எந்த முயலுக்கு எவன் நகம் வெட்டினான்?” என்று கேட்டார். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று எண்ணி, நாங்கள் புன்னகை செய்து நகர்ந்தோம். நாங்கள் நகவெட்டியை எடுத்ததோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை. “விளக்கு வைத்த பிறகா? அதுவும் வெள்ளிக்கிழமையா?” என்று அவர் மீண்டும் தடுத்தார். அதையும் நாங்கள் செவியில் வாங்கவில்லை. அலுவலகம் செல்வோருக்கு வேறு நேரம் ஏது?

கைப்பேசியில் கண்ட ஒரு காட்சியை நம்பி, பஞ்சுவை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்தோம். அது அசைவற்றுக் கிடந்தது. உறங்குகிறது என்று மகிழ்ந்தோம். எங்களுக்கான நகவெட்டியாலேயே மூன்று நகங்களை வெட்டினோம். நான்காவது நகம் கறுப்பு. எதுவரை வெட்டலாம் என்று தெரியவில்லை. விளக்கொளியில் உத்தேசமாக அழுத்தினோம். அடுத்த கணம் இரத்தம் துளிர்த்தது. பஞ்சு பின்கால்களால் ஓங்கி உதைத்து, மடியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் மறைந்தது. மகள் அலறினாள். “இனிமேல் நீங்கள் யாரும் பஞ்சுவைத் தொடக் கூடாது!” என்று அழுதுகொண்டே கட்டிலுக்குக் குறுக்கே அமர்ந்துவிட்டாள்.

இரத்தம் சற்று நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் பஞ்சு எதையும் உண்ணவில்லை. புல்லை வைத்தோம்; அது தொடவில்லை. தொலைபேசியில் கால்நடை மருத்துவரை அழைத்தபோதுதான் எங்கள் பிழையின் அளவு புரிந்தது. முயலின் குடல் இடைவிடாமல் இயங்க வேண்டியது. அச்சத்தாலோ வலியாலோ அது உணவை நிறுத்தினால் குடலும் நின்றுவிடக்கூடும். பன்னிரண்டு மணி நேரம் உண்ணாதிருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று எண்ணிக்கொள்ள வேண்டும். “விடியும் வரை பாருங்கள், உண்ணாவிட்டால் உடனே கொண்டுவாருங்கள்” என்றார் அவர்.

அந்த இரவை நாங்கள் மறப்பதற்கில்லை. மகள் அழுது ஓய்ந்து அங்கேயே உறங்கிப் போனாள். தாத்தா கட்டிலருகே ஒரு பாயை விரித்து, கொத்துமல்லிக் கட்டொன்றைக் கையில் பிடித்தவாறு படுத்துக்கொண்டார். எங்களை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுவே எங்களை அதிகமாகச் சுட்டது. விடியற்காலை நான்கு மணி இருக்கும். இருளில் ‘நறுக், நறுக்’ என்று மெல்லிய ஓசை கேட்டது. தாத்தாவின் கையிலிருந்த கொத்துமல்லியைப் பஞ்சு தின்றுகொண்டிருந்தது. அதைவிட இனிய நாதத்தை நாங்கள் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

ஆயினும் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் சென்றோம். தாத்தாவும் உடன் வந்தார். மருத்துவர் பஞ்சுவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “முதுகெலும்பு தப்பியது உங்கள் நல்ல காலம்” என்றார். பூனையின் எடையில் எலும்புகளின் பங்கு 12, 13 விழுக்காடு என்றால், முயலுக்கு ஏறக்குறைய 8 விழுக்காடுதானாம். பின்கால் தசைகளோ மிக வலியவை. ஆகவே பிடி தவறி வேகமாக உதைத்தால், தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். மல்லாத்தினால் அது அசையாமல் கிடப்பதும் உறக்கமன்று. பகைவன் வாயில் அகப்பட்ட பிராணி அச்சத்தால் விறைத்துப் போவதைப் போன்றது. அதைக் கேட்டபோது நாங்கள் தலைகுனிந்தோம்.

தாத்தா தம் பழைய கேள்வியை மருத்துவரிடமே கேட்டுவிட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. “நீங்கள் ஊரில் பார்த்தது காட்டு முயல், ஐயா. அது வளை தோண்டாது. ஆனால் கரட்டுத் தரையில் ஓடி ஓடியே அதன் நகம் தேயும். வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வேறு இனம். மண்ணைத் தோண்டி வளையில் வாழும் குழிமுயல். தோண்டித் தேய வேண்டிய நகம் உங்கள் வழவழப்பான தரையில் எங்கே தேயும்?” என்றார். நகம் மிக நீண்டால் பாதம் சரியாக ஊன்றாமல் பாரம் குதிகாலில் விழும். முயலுக்கு நாய், பூனைகளைப் போல் பாதத்தில் மெத்தை இல்லை, மயிர் மட்டுமே. எனவே குதிகால் புண்ணாகிவிடும் என்றும் விளக்கினார். தாத்தா நெடுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் வெட்டத்தான் வேண்டும்” என்றார்.

அன்று கற்றுக்கொண்டதை அன்பர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். முதலில், நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். வெளிர்நிற நகத்தினுள் இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தமும் உணர்ச்சியும் உள்ள பகுதி. அதற்கு இரண்டு மில்லிமீட்டராவது முன்பாக வெட்ட வேண்டும். கறுப்பு நகமானால் பின்புறமிருந்து டார்ச் விளக்கைக் காட்டினால் உட்பகுதி நிழலாகத் தெரியும். தெரியாவிட்டால் நுனியை மட்டும் சிறிது எடுத்தால் போதும். நம் நகவெட்டி நகத்தை நசுக்கும். பூனைகளுக்கென விற்கும் சிறிய வெட்டி நல்லது. தப்பித் தவறி இரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு வைத்து, பஞ்சால் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குதல் கூடவே கூடாது. தரையிலேயே அமர்ந்து, துவாலையால் தளரச் சுற்றி, மார்பையும் பின்பாகத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். டில்லிக் கோடையில் துவாலையை நெடுநேரம் சுற்றி வைக்கலாகாது. முயலுக்கு வெப்பம் ஆகாது.

இவ்வளவும் அறிந்தோம், ஆனால் மகள் எங்களை நெருங்க விடவில்லை. எங்கள் கைகளும் பஞ்சுவை அணுகும்போதே நடுங்கின. அந்த நடுக்கத்தை அது உடனே உணர்ந்து ஒதுங்கியது. பத்து நாட்கள் சென்றன. ஒரு ஞாயிறு காலை, தாத்தா சன்னலோரத்து வெயிலில் சம்மணமிட்டு அமர்ந்து, மகளை அழைத்தார். “கண்ணு, நான் பிடித்துக்கொள்கிறேன். நீ விளக்கைக் காட்டு. போதும் என்று நீ சொன்னால் நிறுத்திவிடுவோம்” என்றார். அவள் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

ஊரில் எத்தனையோ கன்றுக்குட்டிகளை மடியில் தாங்கிய கைகள் அவை. டில்லிக்கு வந்த நாள் முதல், மொழி தெரியாமல், செய்வதற்கு வேலையுமின்றி மடியில் மடங்கிக் கிடந்தவை. அந்தக் கைகளுக்குள் பஞ்சு அடங்கி அமர்ந்தது. முதல் நகம். இரண்டாவது நகம். “போதும்” என்றாள் மகள். உடனே நிறுத்தினோம். கொத்துமல்லி கொடுத்தோம். மறுநாள் நான்கு, அதற்கு மறுநாள் ஐந்து. முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நன்னான்கு, ஆகப் பதினெட்டு நகங்களையும் வெட்டி முடிக்க நான்கு நாட்கள் ஆயின. ஒரு சொட்டு இரத்தமும் சிந்தவில்லை.

இப்போது நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இது எங்கள் வீட்டில் ஒரு சிறு சடங்காகிவிட்டது. ஞாயிறு காலை, சன்னலோரம், தாத்தா, பேத்தி, டார்ச் விளக்கு. செவ்வாயிலும் வெள்ளியிலும், விளக்கு வைத்த பிறகும் நகவெட்டியைத் தொடுவதில்லை. கிழமையின் காரணம் தாத்தாவுக்கே தெரியாதாம். விளக்கின் காரணத்தை மட்டும் கறுப்பு நகம் எங்களுக்குக் கற்பித்துவிட்டது.

சென்ற முறை வேலை முடிந்ததும், “தாத்தா, முயலுக்கு எத்தனை கால்?” என்று மகள் குறும்பாகக் கேட்டாள். அவர் பஞ்சுவின் முதுகைத் தடவியபடி, “நான்குதான், அம்மா. இப்போது நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டேன்” என்றார்.