ஒரு சொல்லும் இரு மருந்தும்

நம் கல்லூரி அன்னையின் மடியிலிருந்து யாம் கற்ற இலக்கணப் பாடங்களுள் 'பலபொருள் ஒருசொல்' என்பதும் ஒன்று. 'மா' என்னும் ஓரெழுத்து மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும் என்று எம் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பின்னர் யாமும் பயிற்றப்பட்ட ஆசிரியராகி, கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் பாடசாலையொன்றில் அதனையே ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். எனினும் அப்பாடத்தை யாம் செவ்வையாகக் கற்றது நாற்பது வயதைக் கடந்தபின், நோய்ப்படுக்கையிலேதான். விழா மலரிலே குடல் நோயைப் பற்றியா எழுதுவது என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. நாணி மறைத்தமையே எமக்கு நேர்ந்த இடரின் தொடக்கம்.

சில ஆண்டுகளின் முன் எமக்கு மலத்தோடு இரத்தமும் சளியும் போகத் தொடங்கின. பாடம் நடத்துங்கால் இடையிலே வகுப்பைவிட்டு ஓட நேர்ந்தது. மூலவியாதி என்று நாமே முடிவு செய்து, ஒருவருக்கும் உரையாது மாதக்கணக்கிற் கைமருந்து உண்டோம். உடல் மெலிந்தபின், இல்லாளின் கண்ணீருக்கு அஞ்சியே வைத்தியசாலைக்குச் சென்றோம். குழாய்க் கருவியாற் குடலை நோக்கிய வைத்தியர், "இது மூலமன்று, பெருங்குடற் புண்ணழற்சி" என்றார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலின்மீதே பகைகொள்வதால் விளையும் நீடித்த நோய் இது. மேலைநாட்டார்க்கே உரியதென முன்னர் எண்ணப்பட்டது. ஆயினும் கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வு, அங்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 5 பேர் இந்நோய் உடையர் எனக் காட்டிற்று.

எமக்குத் தரப்பட்ட குளிசையின் பெயர் மெசலசீன். அதன் வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியராகிய நன்னா சுவார்ட்ஸ், மூட்டு வாதத்துக்கென ஆக்கிய சல்பாசலசீன் என்னும் மருந்து குடற்புண்ணையும் ஆற்றுதலைக் கண்டு 1940களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அம்மருந்து இரு கூறுகள் பிணைந்தது. அவற்றுட் குடலை ஆற்றுங் கூறு எதுவென்று 1977 இல் ஒக்ஸ்போர்டிலிருந்து ஆராய்ந்து காட்டியவர்களுள் முதன்மையானவர் வங்காளதேசத்தவரான ஆசாத் கான். அக்கூறே மெசலசீன். "உறை கரைய வேண்டிய இடம் குடலின் உள்ளே, ஆதலின் குளிசையை உடைக்கவோ மெல்லவோ கூடாது" என்றார் வைத்தியர். சில வாரங்களில் இரத்தம் நின்றது, யாமும் மனிதரானோம்.

மறு ஆண்டு விளையாட்டுப் போட்டிக் காலத்தில் எம் முழங்கால் வீங்கியது. மருந்துக் கடையிலிருந்த எம் பழைய மாணவர், "சேர், இது அழற்சிக்கு எதிரான மருந்து" என்று டைக்குளோபினாக் குளிசைகளைத் தந்தார். அவர் கூறியதிற் பிழையில்லை; குடல் நோயை யாம் அவரிடம் சொல்லவில்லை. மெசலசீனையும் வைத்தியர் அவ்வாறே அன்றோ அழைத்தார்? அழற்சிக்கு ஒரு மருந்து போதாதா? வயிறுந்தான் நலமாயிருக்கின்றதே! இவ்வாறெல்லாம் தருக்கம் பேசி, பழைய குளிசையை நிறுத்திப் புதியதை விழுங்கினோம். இரு வாரத்துக்குள் இரத்தம் முன்னிலும் மிகுந்து திரும்பிற்று. வைத்தியசாலையிற் படுத்திருந்த இரவுகளில், எம் பிள்ளைகளின் முகத்தை மீண்டுங் காண்போமோ என்று அஞ்சினோம்.

"பெயர் ஒன்று, மருந்து இரண்டு" என்றார் வைத்தியர். டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகள் வீக்கத்தைத் தணிக்கையில், குடற்சுவரைக் காக்குஞ் சுரப்பையுங் குறைத்துவிடும். சிலருக்கு உறங்கும் நோயை எழுப்பவுங் கூடும். மெசலசீனோடு சேருமிடத்துச் சிறுநீரகத்துக்குச் சுமையாதலும் உண்டு. மெசலசீனோ நோவுக்கு உரியதன்று. குடற்சுவரை ஆற்றுவதும், ஆறியபின் நோய் திரும்பாது காவலிருப்பதுமே அதன் தொழில். திருடன் வரவில்லையென்று காவலாளியை நீக்குவார் உளரோ? யாம் நீக்கினோம்.

காவலாளியையும் கண்காணித்தல் வேண்டும். மெசலசீன் அரிதாகச் சிறுநீரகத்தை ஓசையின்றித் தாக்கும். ஆதலின் தொடங்குமுன்னும் பின்னர் காலந்தோறும் இரத்தப் பரிசோதனை தேவை. அஸ்பிரின் ஒவ்வாதவர் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். சல்பாசலசீன் உண்பார்க்கு இரத்த அணு, ஈரல் பரிசோதனைகளும் உண்டு. அதனாற் சிறுநீர் செம்மஞ்சளாதல் அஞ்சத்தக்கதன்று. ஆடவர்க்கு மகப்பேற்றாற்றல் குன்றலாம். மருந்து மாறினால் அது மீளும். இளைஞர் நாணாது வைத்தியரைக் கேட்க. காய்ச்சல், தொண்டைப்புண், தோற்றடிப்பு, நெஞ்சுநோவு, மிகும் வயிற்றோட்டம் தோன்றின் தாமதியாது வைத்தியரை நாடுக.

எம் கதையைக் கேட்ட உடனாசிரியர் ஒருவர் ஒருநாள் தனித்து வந்து, "சேர், எனக்கும் இதே வருத்தம்தான். நோன்பு வருகின்றது, குளிசையை விட்டுவிடவா?" என்றார். மூன்றாண்டு ஒரே அறையில் இருந்தும் இருவரும் ஒருவரிடமொருவர் மறைத்திருந்தோம்! "கேளாமல் விடாதீர்கள்" என்று அவரை கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். நோய் அடங்கியிருந்தமையால், நாளுக்கொரு வேளையாக நோன்பு திறந்தபின் உண்ணுமாறு வைத்தியர் ஒழுங்கு செய்தார். நோய் மூண்டால் நோன்பைப் பிற்போடுமாறும் சொன்னார். நோயாளிக்கு மார்க்கமே அச்சலுகையை அளித்துள்ளதென நண்பர் எமக்கு விளக்கினார். அவ்வாண்டுப் பெருநாளன்று அவர் வீட்டில் இருவரும் அச்சமின்றி உண்டோம்.

இப்போது அப்பாடம் வரும்போதெல்லாம் 'மா'வுக்குப் பின் 'மருந்து' என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதுகின்றோம். பெயரை நம்பி உண்ணாதீர், பொருளைக் கேட்டு உண்ணுங்கள் என்பதே எம் மாணவர்க்கும், இம்மலரைப் படிக்கும் அன்பர்க்கும் யாம் கூறுவது. கேட்கக் கற்பித்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!