‘நீங்க நடக்குறீங்களா சார்?’

போன வருஷம் ஜூலை. சர்க்கரை நோய் ஓபி. பதினோரு மணிக்குள்ள நூறு பேருக்கு மேல பார்த்தாச்சு. அடுத்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புல இருந்து வர்றவங்க. வெறும் வயித்துல சர்க்கரை 190, எடை 78 கிலோ. எல்லாருக்கும் சொல்ற அதே வசனத்தை அவங்களுக்கும் சொன்னேன். "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்மா. வெயிட்டக் குறைக்கணும்."

சீட்டை வாங்கிட்டு எழுந்தவங்க என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "நீங்க நடக்குறீங்களா சார்?"

கிண்டல் இல்லை. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. பக்கத்துல நின்ன சிஸ்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. நான் "ம்ம்"னு சொல்லிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். அது பொய்.

அன்னிக்கு என் எடை 96 கிலோ. உயரம் 172 செ.மீ. பிஎம்ஐ 32க்கு மேல. நம்ம ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடற்பருமன். இதை நான் மத்தவங்களுக்கு வரைபடம் போட்டு விளக்குறவன். எங்க அப்பா 54 வயசுல மாரடைப்புல போனவர். எனக்கு இப்போ 36. யூகேஜி படிக்கிற பொண்ணு இருக்கா.

மறுநாள் காலைல சாப்பிடாம போய் லேப்ல கையை நீட்டினேன். வெறும் வயித்துல 118. மூணு மாச சராசரி 6.2. சர்க்கரை நோய் இன்னும் வரல, ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது.

உடற்பயிற்சி பத்தி ரொம்ப பேர் இன்பாக்ஸ்ல கேக்குறீங்க. "டாக்டர், டைமே இல்ல, என்ன பண்றது?" இதுதான் கேள்வி. அதுக்குத்தான் இந்த நீண்ட த்ரெட். அந்த அம்மாவோட கதையை அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேரும் பிளாக் நம்பரும் வேண்டாம்னாங்க.

முதல்ல என் தோல்விகள். மேடவாக்கம் பக்கம் ஒரு ஜிம்முல ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினேன். போனது 11 நாள். அதுக்கு முன்னாடி ஒரு ஜனவரில காலை அஞ்சு மணிக்கு அலாரம். நைட் டியூட்டி பார்த்துட்டு வர்றவனுக்கு அஞ்சு மணி காலையா, ராத்திரியா? நாலாவது நாள் அலாரத்தை நிறுத்தினேன். நான் போட்ட திட்டம் எல்லாமே வேற யாரோ ஒருத்தரோட வாழ்க்கைக்குப் போட்ட திட்டம். தினமும் ஒரே நேரத்துல தூங்கி எழுந்து, வீட்டுப் பக்கத்துல பூங்கா இருக்கிற ஒருத்தர்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம்தான். ஆனா சென்னையோட பாதை இருக்கிறது பெசன்ட் நகர்ல. பெரும்பாக்கத்துல இருந்து அங்க நடக்கப் போறதுக்கு நான் முதல்ல வண்டி ஓட்டணும்.

இப்போ அந்த அம்மா.

அடுத்த மாசம் வந்தாங்க. சர்க்கரை 184. "நடந்தீங்களா"ன்னு நான் கேக்கல, கேக்கற யோக்கியதை இல்லை. "ஒரு நாள்ல என்னென்ன செய்றீங்க, காலைல இருந்து சொல்லுங்க"ன்னேன். பின்னாடி வரிசை முணுமுணுத்தது. பரவால்லன்னு கேட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் கூவம் கரையில இருந்து இங்க மாத்தப்பட்ட குடும்பம் அவங்களோடது. அதுவரைக்கும் சிந்தாதிரிப்பேட்டை. நாலு வீட்டுல பாத்திரம், துணி, பெருக்கித் துடைக்கிற வேலை. எல்லா வீட்டுக்கும் நடைதான். மார்க்கெட்டுக்கு நடை, பிள்ளையோட ஸ்கூலுக்கு நடை. அப்போ எடை 60 சொச்சம்.

இங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை சுமார் 25 கிலோமீட்டர். கொஞ்ச மாசம் பஸ்ல போய்ப் பார்த்திருக்காங்க. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். ஒவ்வொரு வீடா வேலை போயிடுச்சு. இப்போ அஞ்சாவது மாடியில வீட்டுக்குள்ள உட்கார்ந்து பூ கட்டுறாங்க. காலை எட்டுல இருந்து சாயந்திரம் நாலு வரைக்கும் சம்மணம் போட்டு உட்கார்ந்த இடத்துலயே. கட்டின பூவைப் பையன் பைக்குல கொண்டுபோய்க் குடுத்துடுவான். காய்கறி வண்டி கீழ வந்தா கூடையைக் கயித்துல கட்டி இறக்கி வாங்கிக்குவாங்க.

அப்புறம் அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன். "அங்க இருந்தப்ப வாக்கிங்னு ஒரு வார்த்தையே எனக்குத் தெரியாது சார். இங்க வந்தப்புறம்தான் ஆளாளுக்கு வாக்கிங் போ, வாக்கிங் போன்றீங்க."

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இந்தக் கதை கேஸ் ஷீட்ல எங்கயும் இல்லை. ‘உடல் உழைப்பு இல்லை’ன்னு ஒரு வரி எழுதிட்டு அதை அவங்க சோம்பேறித்தனமா நாங்க நினைச்சுக்கிறோம். அந்த அம்மாவோட நடை அவங்க வேலைக்குள்ள இருந்தது. வேலை போனப்போ நடையும் சேர்ந்து போயிடுச்சு.

இது புது விஷயம் கிடையாது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த கண்டக்டர் யாரும் ஜிம்முக்குப் போனதால வந்த வித்தியாசம் இல்லை இது. (நம்ம எம்டிசி கண்டக்டர் பெரும்பாலும் சீட்டுல உட்கார்ந்துட்டு காசைக் கை மாத்தி வாங்குறவர். அவரை வெச்சு ஆய்வு செஞ்சிருந்தா மாரிஸ் குழம்பிப் போயிருப்பார்.)

அதனால அந்த அம்மாகிட்ட முக்கால் மணி நேரப் பேச்சை விட்டுட்டேன். "எத்தனை வீட்டுக்குப் பூ குடுக்குறீங்க?" இருபத்திச் சொச்சம் வீடு, நாலு பிளாக். "பையன் ரெண்டு பிளாக்குக்குக் குடுக்கட்டும். மீதி ரெண்டுக்கு நீங்களே போங்கம்மா." முட்டி வலிக்குதுன்னாங்க. சரி, படியே வேண்டாம், லிஃப்ட்லயே போயிட்டு வாங்க, சமதரையில மட்டும் நடங்கன்னேன். முட்டி வலி இருக்கிறவங்களுக்குப் படி ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம். நிறைய பேர் வீம்புக்குப் படி ஏறி இறங்கி முட்டியைக் கெடுத்துக்கிட்டு மொத்தமா நிறுத்திடுறாங்க. அதோட, காய் வாங்கக் கூடையை இறக்காம நீங்களே இறங்கிப் போங்கன்னேன். "அதுல என்ன சார் பெருசா குறையப் போவுது?"ன்னு கேட்டாங்க.

நியாயமான கேள்வி. இதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பதில் சொல்லியிருக்கு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மிதமானதுன்னா நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. முன்னாடி ‘குறைஞ்சது பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல செஞ்சாதான் கணக்கு’ன்னு ஒரு விதி இருந்தது. அதை எடுத்துட்டாங்க. மூணு நிமிஷமும் கணக்குல வரும், அஞ்சு நிமிஷமும் வரும். பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கட்டாயமான்னு கேக்குறவங்களுக்கு: அந்த எண் மருத்துவப் புத்தகத்துல இருந்து வந்ததே இல்லை. 1965-ல் ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோட பேர் அது.

என் நாளையும் இதே மாதிரி பிரிச்சுப் பார்த்தேன். வீட்டுல இருந்து செம்மொழிச் சாலை பஸ் ஸ்டாப் 900 மீட்டர். பகல் டியூட்டி நாள்ல பைக்கை விட்டுட்டு பஸ். போக பன்னிரண்டு நிமிஷம், வர பன்னிரண்டு நிமிஷம். வார்டு ரெண்டாவது மாடி, வீடு நாலாவது மாடி, ரெண்டுக்கும் படி. ராத்திரி சாப்பிட்டதும் சோஃபாவுக்குப் போகாம தெருவுல கால் மணி நேரம். சாப்பிட்ட உடனே நடந்தா தசைகள் சர்க்கரையை இழுத்துக்கும், ரத்தத்துல ஏறுற அளவு குறையும். பொண்ணு பல் தேய்க்கிற நேரத்துல நாற்காலில உட்கார்ந்து எழுந்திருக்கிறது இருபது தடவை, சுவத்துல கை வெச்சு தண்டால் பதினஞ்சு. அவ எண்ணுவா. பதிமூணுக்கு அப்புறம் பதினெட்டுன்னு போயிடுவா, எனக்கு அதுல லாபம்தான். ஞாயித்துக்கிழமை டியூட்டி இல்லேன்னா ரெண்டு பேரும் சதுப்பு நிலப் பக்கம் கூழைக்கடா பார்க்கப் போவோம்.

ஆறு வாரம் இப்படிப் போச்சு. எடை மெஷின்ல ஏறினேன். 96.

சத்தியமா சொல்றேன், மெஷினை மாத்திப் பார்த்தேன். அதுலயும் 96தான்.

காரணம் பஸ் ஸ்டாப் பக்கத்துல இருந்தது. இறங்கின உடனே ஒரு டீ, ரெண்டு மெதுவடை. ‘நடக்கப் போறோம்ல’னு ஒரு தைரியம். அரை மணி நேர நடையில என் உடம்புக்குச் செலவாகுறது சுமார் 150 கலோரி. அந்த டீயும் வடையும் 300-ஐத் தொடும். நடந்து கடனை அடைக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு தினமும் புதுக் கடன் வாங்கிட்டிருந்தேன்.

டாக்டர்கள் இதைத் தெளிவா சொல்றதில்லைன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உடற்பயிற்சியால மட்டும் எடை பெருசா குறையாது. எடை குறையறது முக்கியமா தட்டுல. அப்புறம் ஏன் நடக்கணும்? தட்டுல மட்டும் குறைச்சா கொழுப்போட சேர்ந்து தசையும் போகும். குறைஞ்ச எடை திரும்பி வராம இருக்கவும் உடற்பயிற்சி வேணும். அமெரிக்காவில் 1994 முதல் எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று நடக்கிறது. அதில் உள்ளவர்கள் சராசரியாக தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். எடை ஒரு கிராம்கூட குறையாட்டியும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் நடையால மேம்படும். மெஷின் முள் நகரலைன்னு நடையை நிறுத்துறவங்கதான் நான் பார்க்கிறதுல அதிகம். நானே அன்னிக்கு நிறுத்தியிருப்பேன். பேண்ட் லூசாகியிருந்ததுதான் காப்பாத்துச்சு. இடுப்பை அளந்தேன், 108-ல இருந்து 105.

வடையை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கினேன். டீல சர்க்கரையை நிறுத்தினேன். ராத்திரி சாப்பாட்டுல சோத்தைப் பாதியாக்கி முட்டையும் காயும். இப்போ பதினாறு மாசம் ஆச்சு. எடை 88. இடுப்பு 99, இன்னும் 90க்குள்ள வரணும். மூணு மாச சராசரி 5.8. நடுவுல டெங்கு சீசன்ல ஒரு மாசம் முழுக்க எதுவும் செய்யல, ரெண்டு கிலோ ஏறுச்சு. திரும்ப இறக்க ரெண்டரை மாசம் ஆச்சு.

தொடங்கப் போறவங்க இதைக் கவனிங்க. நடக்கும்போது நெஞ்சுல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, வழக்கத்தைவிட மூச்சு வாங்குறது, தலை சுத்தல் இருந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ‘கேஸா இருக்கும்’னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க, எங்க அப்பா அதைத்தான் செஞ்சார். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க பையில குளுக்கோஸோ சர்க்கரையோ வெச்சுக்கங்க, சர்க்கரை இறங்கினா உதவும். கால் மரத்துப் போற சர்க்கரைக்காரங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாது. வருஷக்கணக்கா அசையாம இருந்தவங்க, ஏற்கெனவே இதயப் பிரச்சினை இருக்கிறவங்க, டாக்டரைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

அந்த அம்மா மாசா மாசம் வர்றாங்க. ரெண்டு பிளாக் மூணு பிளாக் ஆச்சு. நேர்ல போறதால புதுசா ஏழு வீடு கிடைச்சிருக்கு. அதுல அவங்களுக்கு இருக்கிற சந்தோஷம் சர்க்கரை குறைஞ்சதுல இல்லை. சர்க்கரை 138. எடை 75. மாத்திரை அதே அளவுதான்.

இப்போ நவம்பர். கீழ தண்ணி நிக்குது, ரெண்டு வாரமா பூ பையன்தான் கொண்டுபோறான். போன செவ்வாய் மெஷின்ல ஏறினா 76. இறங்கிட்டு, "மழை விட்டதும் போவேன் சார்"னாங்க. வராண்டா முழுக்க காத்திருக்கிறவங்க. அப்படியே மெஷினைக் காட்டி, "நீங்க ஏறுங்க"ன்னாங்க.

ஏறினேன். 88 புள்ளி 6. சிஸ்டர் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பல.